படகின் வேகமா, நீரின் வேகமா? தூண்டில் இழுக்கும் கடலில் ஓர் இயற்பியல் பாடம்

மாணவர்களே, முதலில் ஒரு கேள்வி. ஒரு படகு மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் தெற்கே செல்கிறது. பிறகு திரும்பி, அதே வேகத்தில் வடக்கே வருகிறது. படகின் பின்னால் நீண்ட தூண்டில் நரம்பில் கட்டிய ஒரு போலி மீன் இழுபட்டு வருகிறது. இரண்டு பயணத்திலும் அந்தப் போலி மீன் ஒரே மாதிரி நீந்துமா?

"வேகம் ஒன்றுதானே, ஒரே மாதிரிதான் நீந்தும்" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த விடை தவறு என்று எனக்குக் காட்டியவர், லூமுட் கரையில் வாழும் ஒரு மலாய் மீனவர். நாங்கள் அவரைப் பாக்சிக் என்று அழைப்போம்.

அன்று கடலில் நடந்தது

பள்ளி விடுமுறையில் ஒருநாள் விடியற்காலை நானும் என் தம்பியும் பாக்சிக்கின் ஃபைபர் படகில் லூமுட்டிலிருந்து கிளம்பினோம். பங்கோர் தீவுக்குத் தெற்கே செம்பிலான் தீவுகள் பக்கம் தெங்கிரி மீன் பிடிப்பது திட்டம். தமிழகத்தில் வஞ்சிரம் என்பார்களே, அதே மீன்தான். எங்களுக்கு அது பொழுதுபோக்கு. பாக்சிக்குக்கு அது பிழைப்பு. கிடைக்கும் மீனை விற்றுத்தான் அன்றைய பெட்ரோல் செலவை அவர் எடுக்க வேண்டும்.

ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் செல்லும் இந்த முறைக்கு ஆங்கிலத்தில் டிரோலிங் என்று பெயர். மலாய் மீனவர்கள் இதைப் பஞ்சிங் துண்டா என்பார்கள். தூண்டில் முனையில் இருப்பது மீன் வடிவத்தில் செய்த போலி இரை. அதன் வாய்ப்பகுதியில் சிறிய தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நீர் அந்தத் தகட்டில் மோதும்போது போலி மீன் ஆழத்துக்கு இறங்கும், இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்து, காயம்பட்ட சிறிய மீன் தப்பி ஓடுகிறது என்று நினைத்துத்தான் தெங்கிரி பாய்ந்து கவ்வுகிறது. சரியான வேகம் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் மீனும் இல்லை.

காலையில் பாக்சிக் படகைத் தெற்கே ஓட்டினார். தம்பியின் கையில் இருந்த ஜிபிஎஸ் கருவி 5 நாட் என்று காட்டியது. நாட் என்பது கடலில் வேகத்தை அளக்கும் அலகு. ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர் சென்றால் அது ஒரு நாட். அந்தப் பயணத்தில் இரண்டு தெங்கிரிகள் கிடைத்தன.

படகு வடக்கே திரும்பியதும், மீன்களைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்குவதற்காகப் பாக்சிக் இயந்திரத்தின் பிடியை என்னிடம் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜிபிஎஸ் கருவியை முன்னால் வைத்துக்கொண்டு, எண் 5-ஐ விட்டு அசையாமல் கவனமாக ஓட்டினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு கடி கூட இல்லை.

பாக்சிக் எழுந்து வந்தார். கருவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூண்டில் கோலின் நுனியை ஒரு கணம் பார்த்தார். "சிக்கு, பெர்லாஹான் சங்காட்" என்றார். "ஆசிரியரே, மிகவும் மெதுவாகப் போகிறது" என்று பொருள். நான் கருவியைக் காட்டி, "அதே 5 தானே, பாக்சிக்?" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கைப்பிடியைத் திருகினார். எண் 6 ஆனது, 7 ஆனது, 8-இல் நின்றது. சோம்பிக் கிடந்த கோலின் நுனி, காலையில் துடித்ததைப் போலவே மீண்டும் துடிக்க ஆரம்பித்தது. சற்று நேரத்தில் மூன்றாவது தெங்கிரி மாட்டியது.

ஒரு மீன் மாட்டியதை வைத்து மட்டும் எதையும் நிரூபித்துவிட முடியாது. அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் கோல் நுனியின் துடிப்பு தற்செயல் அல்ல. அது விசையின் அடையாளம். முக்கால் மணி நேரம் ஒரு பெரியவரின் பெட்ரோலையும் உழைப்பையும் நான் வீணாக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் எங்கே தவறினேன்?

தரைவேகமும் நீர்வேகமும்

விமான நிலையத்தில் இருக்கும் நகரும் நடைபாதையை நினைத்துப் பாருங்கள். அது நகரும் திசையிலேயே நீங்கள் நடந்தால், குறைவாகக் கால் போட்டாலும் சுவரை ஒட்டி வேகமாகச் செல்வீர்கள். அதற்கு எதிராக நடந்தால், கால்கள் ஓட்டமாக ஓடினாலும் சுவரை ஒட்டி மெதுவாகத்தான் நகர்வீர்கள். சுவரைப் பொறுத்த வேகம் ஒன்று. நடைபாதையைப் பொறுத்த வேகம் வேறொன்று. இதைத்தான் இயற்பியலில் சார்புத் திசைவேகம் என்கிறோம்.

கடலும் அப்படித்தான். மலாக்கா நீரிணையில் ஏற்ற வற்றங்களால் நீர் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு, பூமியின் மேல் படகு எவ்வளவு வேகமாக இடம் மாறுகிறது என்று கணக்கிடுகிறது. அது தரைவேகம். போலி மீனுக்குத் தரை தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் நீர்தான் தெரியும். அது உணர்வது நீர்வேகம்.

இப்போது கணக்குக்கு வருவோம். தெற்கே ஜிபிஎஸ் 5 காட்டியபோதும், வடக்கே 8 காட்டியபோதும் கோல் நுனி ஒரே மாதிரி துடித்தது. ஆகவே இரண்டு சமயத்திலும் நீர்வேகம் ஒன்றே எனக் கொள்ளலாம். நீரோட்டமும் இடையில் மாறவில்லை என வைத்துக்கொள்வோம்.

தெற்கே: நீர்வேகம் − நீரோட்டம் = 5
வடக்கே: நீர்வேகம் + நீரோட்டம் = 8

இரண்டையும் கூட்டினால் நீர்வேகத்தின் இரு மடங்கு 13. ஆகவே நீர்வேகம் 6.5 நாட். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நீரோட்டத்தின் இரு மடங்கு 3. ஆகவே நீரோட்டம் 1.5 நாட், வடக்கு நோக்கி ஓடியிருக்கிறது.

நான் வடக்கே 5 நாட்டில் ஓட்டியபோது என்ன நடந்தது? 5 − 1.5 = 3.5. போலி மீனுக்குக் கிடைத்த வேகம் வெறும் 3.5 நாட். காலையில் 6.5 நாட் வேகத்தில் ஆடிய அதே போலி மீன், என் கையில் கிட்டத்தட்ட பாதி வேகத்தில் ஊர்ந்திருக்கிறது. கருவி பொய் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல், அது சொன்ன வேறொரு விடையை எடுத்துக்கொண்டேன்.

வேகம் பாதியானால் விசை கால் பங்கு

வேகம் பாதியாகக் குறைந்ததற்கே ஆட்டம் ஏன் அவ்வளவு செத்துப்போனது? நீரில் நகரும் பொருளின் மேல் நீர் செலுத்தும் தடைவிசையைப் பின்வரும் சூத்திரம் தருகிறது:

தடைவிசை = ½ × நீரின் அடர்த்தி × வடிவக் குணகம் × முகப்புப் பரப்பு × வேகம் × வேகம்

வேகம் இரண்டு முறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். வேகம் பாதியானால் விசை கால் பங்காகும். பாக்சிக்கின் 6.5 நாட்டை என் 3.5 நாட்டால் வகுத்து, வர்க்கம் எடுத்தால் ஏறக்குறைய 3.4 வருகிறது. அதாவது அவர் ஓட்டியபோது போலி மீனின் தகட்டில் மோதிய விசை, நான் ஓட்டியபோது மோதியதைவிட 3.4 மடங்கு அதிகம். கோல் நுனி துடிப்பதும் தூங்குவதும் இந்த வித்தியாசத்தால்தான். கோலின் நுனியை அவர் ஒரு விசைமானியாகப் பயன்படுத்தினார்.

பழைய மாலுமிகள் அளந்தது எது?

நாட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முடிச்சு என்று பொருள். வேகத்துக்கும் முடிச்சுக்கும் என்ன தொடர்பு?

பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகள் ஒரு மரப்பலகையை நீண்ட கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள். பலகை நீரைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். கப்பல் முன்னே செல்லச் செல்லக் கயிறு கையிலிருந்து நழுவும். கயிற்றில் 47 அடி 3 அங்குல இடைவெளியில் முடிச்சுகள் போட்டிருப்பார்கள். 28 விநாடி ஓடும் மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைத் தாண்டின என்று எண்ணுவார்கள். ஐந்து முடிச்சு தாண்டினால் வேகம் 5 நாட்.

இதைச் சரிபார்த்துவிடலாம். 47 அடி 3 அங்குலம் என்பது 14.4 மீட்டர். அதை 28 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 0.514 மீட்டர். ஒரு கடல் மைலாகிய 1852 மீட்டரை 3600 விநாடியால் வகுத்தாலும் 0.514 தான் வருகிறது.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பலகை மிதந்தது நீரில். ஆகவே அந்தக் கயிறு அளந்தது நீர்வேகத்தை. இன்றைய ஜிபிஎஸ் அளப்பது தரைவேகத்தை. அலகின் பெயர் ஒன்றுதான், அளக்கப்படுவது வேறு.

நீங்களே செய்யலாம்: கோணத்தைக் கொண்டு வேகமானி

நீர்வேகத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு பிங்பாங் பந்து, உலர்ந்த மணல், மெல்லிய நைலான் நூல், பாகைமானி, அளவுகோல் ஆகியவை போதும்.

பந்தில் சிறு துளையிட்டு மணலை நிரப்புங்கள். நூலின் ஒரு முனையைத் துளைக்குள் விட்டுப் பசையால் நன்றாக அடையுங்கள். 40 சென்டிமீட்டர் நூல் வெளியே இருக்கட்டும். அதன் மறுமுனையை, தலைகீழாகப் பிடித்த பாகைமானியின் மையத்தில் கட்டுங்கள். பாகைமானியை அளவுகோலின் முனையில் ஒட்டிவிடுங்கள். நூல் நேராகத் தொங்கும் நிலை 0 பாகை.

இப்போது நீச்சல் குளத்தின் ஓரமாகப் பெரியவர் ஒருவரின் துணையோடு நடங்கள். பாகைமானி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்க, பந்து நீருக்குள் இழுபட்டு வரட்டும். நூல் பின்பக்கமாகச் சாயும். உங்கள் நண்பர் 10 மீட்டர் தூரத்தை நீங்கள் கடக்கும் நேரத்தை அளந்து வேகத்தைக் கணக்கிடட்டும். நீங்கள் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பந்தைக் கீழே இழுப்பது, நீரின் மிதப்பு விசை போக மீதியிருக்கும் எடை. அது மாறாது. பின்னால் இழுப்பது தடைவிசை. அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே:

டேன் (கோணம்) = தடைவிசை ÷ நீரில் பந்தின் எடை

உதாரணமாக, விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நூல் 45 பாகை சாய்ந்தால், 0.5 மீட்டர் வேகத்தில் அது 14 பாகைதான் சாயும். 1.5 மீட்டரில் 66 பாகை, 2 மீட்டரில் 76 பாகை. உங்கள் பந்தின் எடைக்கு ஏற்ப எண்கள் மாறும். நீங்கள் எடுத்த அளவுகளை வரைபடமாக வரைந்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை கோணத்தைப் பார்த்தே வேகத்தைச் சொல்லிவிடலாம். படகின் பக்கவாட்டில் ஈயக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு இதே முறையில் வேகத்தைக் கணிப்பவர்களும் உண்டு. நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடினாலும் இந்தக் கருவி காட்டுவது நீர்வேகம்.

மெதுவாகப் போவதுதான் சிரமம்

தெங்கிரிக்குப் போலி இரையை 5 முதல் 7 நாட் வேகத்தில் இழுப்பது வழக்கம். ஆனால் உயிருள்ள சிறுமீனை இரையாகக் கட்டினால் 1 அல்லது 2 நாட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் இரை களைத்துச் செத்துவிடும். திரெங்கானுவின் கென்யிர் ஏரியில் தோமானையும் செபாராவையும் தேடிப் போலி இரை இழுப்பவர்களும் கடலில் போவதைவிட மெதுவாகவே செல்ல வேண்டும்.

"மெதுவாகப் போவது எளிதுதானே?" என்று கேட்கலாம். இல்லை. திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது. விசையே வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் கனத்துக்கு ஏற்ப மாறுகிறது. நீரைப் பிளந்துகொண்டு நிதானமாகச் செல்லும் படகு ஒன்றுக்கு 6 நாட்டில் 27 பங்கு திறன் தேவை என்றால், 2 நாட்டில் ஒரே ஒரு பங்கு போதும். ஆனால் இயந்திரத்தை ஓர் அளவுக்கு மேல் அடக்கினால் அது நின்றுவிடும். நிற்காமல் ஓடும் மிகக் குறைந்த சுழற்சியிலேயே, சிறிய படகைத் தேவைக்கு மேல் வேகமாகத் தள்ளிவிடுகிறது பெரிய இயந்திரம்.

இதற்கு மீனவர்கள் கையாளும் வழிகள் இரண்டு வகைப்படும்.

முதல் வகை, உந்துவிசையைக் குறைப்பது. கியரைச் சில விநாடி போட்டுச் சில விநாடி எடுப்பார்கள். மின்கலத்தில் ஓடும் சிறிய மின்மோட்டாரைத் தனியாகப் பொருத்துவார்கள். விசிறிக்குப் பின்னால் ஒரு தகட்டை இறக்கி, அது தள்ளும் நீரைத் தடுப்பதும் உண்டு.

இரண்டாம் வகை, தடைவிசையைக் கூட்டுவது. துணியால் செய்த கூம்பு வடிவப் பை ஒன்றை நீரில் இழுத்துச் செல்வார்கள். பை இல்லாதவர்கள் வாளியையே கட்டிவிடுவார்கள். வாளியின் வாய் 30 சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு 0.07 சதுர மீட்டர். கடல்நீரின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1025 கிலோகிராம். வடிவக் குணகத்தை 1 எனக் கொண்டு, விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்துக்குக் கணக்கிட்டால்:

½ × 1025 × 1 × 0.07 × 1.5 × 1.5 = ஏறக்குறைய 80 நியூட்டன்

8 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும் விசை இது. அதே வாளியை மறந்துபோய் எடுக்காமல் வேகத்தை இரட்டித்தால் விசை 320 நியூட்டனைத் தாண்டும். வாளியின் கைப்பிடி பிய்ந்து போவது அதனால்தான்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. வாளிக் கயிறு படகின் விசிறியை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும். அலை பின்னாலிருந்து வரும்போது படகின் பின்புறத்தில் கட்டி நிறுத்தினால், நீர் படகுக்குள் ஏறிவிடும். அனுபவமுள்ள பெரியவர் இல்லாமல் நீங்கள் இதைச் செய்யவே கூடாது. படகில் ஏறும் ஒவ்வொருவரும் பாதுகாப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும்.

திருப்பத்தில் ஒரு சோதனை

பள்ளி அணிவகுப்பில் வரிசை திரும்பும்போது, உள்பக்கம் இருப்பவர் நின்ற இடத்திலேயே கால் போடுவார். வெளிப்பக்கம் இருப்பவர் எட்டி எட்டி நடப்பார். படகு வளையும்போதும் இதுவே நடக்கிறது. வளைவின் உள்பக்கத் தூண்டில் மெதுவாகிறது, வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகிறது.

பாக்சிக் நேர்கோட்டில் ஓட்டாமல் பாம்புபோல் வளைத்து வளைத்து ஓட்டியதன் காரணம் இதுதான். உள்பக்கத் தூண்டிலில் அடிக்கடி மீன் கடித்தால், அன்று வேகத்தைக் குறைக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் கடித்தால் கூட்ட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வேகங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை அது. நாம் ஆய்வுக்கூடத்தில் மாறியை மாற்றிப் பார்க்கிறோமே, அதைத்தான் அவர் கடலில் செய்கிறார்.

கரை திரும்பியதும், நீர்வேகக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிப் பாக்சிக்கிடம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அடுத்த முறை பிடியை என்னிடம் தரும்போது, கருவியைத் தம்பியிடம் கொடுத்துவிடச் சொன்னார். கோலைப் பார்த்து ஓட்டப் பழகிய பிறகு கருவியை வாங்கிக்கொள்ளலாமாம். ஓர் அளவீட்டைப் படிப்பதற்கு முன், அது எதைப் பொறுத்து அளக்கப்பட்டது என்று கேளுங்கள் என்று இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லி வருகிறேன்.

பயிற்சி

1. நீரோட்டம் 2 நாட். போலி இரைக்கு 4 நாட் நீர்வேகம் வேண்டும். நீரோட்டத்தின் திசையிலும், அதற்கு எதிராகவும் செல்லும்போது ஜிபிஎஸ் எவ்வளவு காட்ட வேண்டும்?

2. எதிரெதிர்த் திசைகளில் ஜிபிஎஸ் 3 நாட்டும் 7 நாட்டும் காட்டியபோது கோல் நுனி ஒரே மாதிரி துடித்தது. நீர்வேகம் என்ன? நீரோட்டம் என்ன?

3. உங்கள் பந்து விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 45 பாகை சாய்கிறது. நூல் 60 பாகை சாய்ந்தால் வேகம் என்ன?

விடைகள்: 1) 6 நாட், 2 நாட். 2) நீர்வேகம் 5 நாட், நீரோட்டம் 2 நாட். 3) டேன் 60 பாகை 1.73, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1.3, ஆகவே விநாடிக்கு 1.3 மீட்டர்.